11 நாள் ஆர்எஸ்ஐ, 40 டிரேடில் 24 லாபம்: நம்பலாமா?

கோவைக்காரன்: நிஃப்டியில் 11 நாள் ஆர்எஸ்ஐ (அந்த நாட்களின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒப்பிட்டு 0 முதல் 100க்குள் வரும் எண்) 35க்குக் கீழே போய்த் திரும்பும்போது வாங்கி, 5 நாளில் விற்றால் என்ன ஆகும் என்று பழைய விலைகளில் ஓட்டிப் பார்த்தேன். 40 டிரேடில் 24 லாபம். 1978இல் வெல்ஸ் வைல்டர் கொடுத்த இண்டிகேட்டர் இது. பயனில்லை என்றால் இத்தனை வருடம் நிலைத்திருக்குமா?

எண்ணாயிரம்: சார், காசை 40 தடவை சுண்டினாலும் 24 அல்லது அதற்கு மேல் தலை விழ 13 சதவீத வாய்ப்பு உண்டு. அதிலும் நிஃப்டி நெடுங்காலமாக ஏறி வந்தது. என்றைக்கு வாங்கியிருந்தாலும் பாதிக்கு மேல் லாபம்தான் வந்திருக்கும். 11ஐயும் 35ஐயும் முதலிலேயே முடிவு செய்தீர்களா?

கோவைக்காரன்: இல்லை. 7 முதல் 21 நாள், எல்லை 20, 25, 30, 35, வைத்திருக்கும் காலம் 3, 5, 10 நாள் என்று எல்லாம் பார்த்து, நன்றாக வந்ததை எடுத்தேன். இதில் என்ன தப்பு?

எண்ணாயிரம்: அது 180 சேர்க்கை. எதிலுமே சரக்கு இல்லை என்றாலும், தற்செயலாக ஜெயிக்க 5 சதவீத வாய்ப்பு மட்டும் விடும் அளவுகோலில் சராசரியாக 9 சேர்க்கை ஜெயித்த மாதிரி தெரியும். தினசரி ஏற்ற இறக்க சதவீதங்களைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்து, புது விலை வரிசை செய்யுங்கள். மொத்த ஏற்றம் அப்படியே இருக்கும், ஆர்எஸ்ஐ பிடிக்க மட்டும் ஒன்றும் இருக்காது. 180ஐயும் அதில் ஓட்டிச் சிறந்ததைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்படி 1000 தடவை. அவற்றில் 950ஐயாவது உங்கள் விதி தாண்ட வேண்டும்.

பழைய புரோக்கர்: தம்பி, கலைத்தால் அது சந்தையே இல்லை. 2020 மார்ச் 23 அன்று திரை முன்னால் இருந்தேன். திறந்த ஒரு மணி நேரத்துக்குள் 10 சதவீதம் விழுந்து வர்த்தகம் நின்றது, முடிவில் 13 சதவீதம் போயிருந்தது. அப்படிப்பட்ட நாட்கள் கூட்டமாகத்தான் வரும். 1992இல் பிராக், லகோனிஷோக், லெபரான் மூவரும் 1897 முதல் 1986 வரையான அமெரிக்கப் பங்குக் குறியீடு டௌ ஜோன்ஸில் 26 எளிய வர்த்தக விதிகளைச் சோதித்தார்கள். வந்த லாபத்தை, ஆட்டங்கள் கூட்டமாக வருவதைக் கணக்கில் எடுக்கும் கார்ச் (GARCH) என்ற கணித மாதிரியாலும் விளக்க முடியவில்லை. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

எண்ணாயிரம்: கூட்டமாக வரும் என்பது சரி ஐயா, நியாயமான மறுப்பு. அப்படியானால் கலைப்பதை விட்டு, கார்ச்சிலேயே விலை வரிசை செய்யலாம். பெரிய ஆட்டத்துக்குப் பின் பெரிய ஆட்டம் வரும், திசைக்கு மட்டும் நினைவு இருக்காது. ஆனால் 1999இல் சல்லிவன், டிம்மர்மன், வைட் மூவரும் அதே டௌ ஜோன்ஸில் 7,846 விதிகளைச் சோதித்தார்கள். இத்தனை தேடியதற்காகக் கழித்த பிறகும் 1986 வரை சிறந்த விதி நின்றது. அடுத்த 10 வருடத்தில் நிற்கவில்லை. எனக்கு அந்தப் பத்து வருடம்தான் முக்கியம். நம் பணம் போவது அங்கேதானே?

பழைய புரோக்கர்: சந்தையின் குணம் மாறும், விதியையும் மாற்ற வேண்டியதுதான். வேண்டுகிற நேரத்தில் வெளியேறும் ஒழுங்கை இண்டிகேட்டர் தருகிறது. அந்தப் பயனை உங்கள் சோதனை அளப்பதே இல்லை.

எண்ணாயிரம்: அளக்கலாம் ஐயா. அதே ஸ்டாப் லாஸை (நஷ்டம் ஓர் எல்லையைத் தொட்டால் விற்றுவிடும் ஏற்பாடு) வைத்து, இண்டிகேட்டர் பார்க்காமல் ஏதோ ஒரு தேதியில் வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். ஒழுங்கின் பங்கு தனியாகத் தெரியும்.

கோவைக்காரன்: சரி, கடைசி 3 வருடத்தை மூடி வைத்து அதற்கு முந்தைய விலைகளில் விதியைத் தேர்ந்தெடுத்து, பிறகு அந்த 3 வருடத்தில் புரோக்கரேஜும் எஸ்டிடியும் (பங்குப் பரிவர்த்தனை வரி) கழித்துப் பார்க்கிறேன். ஆனால் அதில் ஆறேழு சிக்னல்தான் வரும். அதை வைத்து எப்படி முடிவு செய்வது?

எண்ணாயிரம்: முடியாது. எண்களை மாற்றாமல் அதே விதியை வங்கிப் பங்குகளின் குறியீடான பேங்க் நிஃப்டியிலும் ஓட்டுங்கள். இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே ஆடும், அதனால் இரண்டு சாட்சியாகக் கணக்கு வைக்காதீர்கள்.