பழைய ஸ்போர்ட்ஸ் காரில் திடீரென ஆயில் கொட்டினால்: அனுபவப் பகிர்வு

மியாட்டா என்ஏ 1.6 (மாஸ்டாவின் சிறிய ஸ்போர்ட்ஸ் கார், முதல் தலைமுறை) உரிமையாளர்

ஓடும்போது ஆயில் பிரஷர் லைட் எரிந்தால் உடனே இன்ஜினை அணையுங்கள். அது ஆயில் அளவைக் காட்டும் விளக்கு அல்ல, அழுத்தம் விழுந்துவிட்டதைச் சொல்லும் விளக்கு. அதற்குப் பிறகும் ஓட்டினால் கிராங்க் பேரிங் (இன்ஜினின் முக்கியச் சுழல்தண்டைத் தாங்கும் பாகம்) உரசிப்போகும். சாவியை இன்ஜின் அணையும் அளவுக்கு மட்டும் திருப்புங்கள். முழுதாக உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். இன்ஜின் நின்ற பிறகு பிரேக் பூஸ்டரில் (வெற்றிடத்தால் மிதியை லேசாக்கும் பாகம்) ஓரிரு மிதிக்குத்தான் வெற்றிடம் மிஞ்சும். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக மிதித்து ஓரங்கட்டுங்கள்.

புகை வந்தால் பானெட்டைச் சட்டென்று முழுதாகத் திறக்காதீர்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்த்தொகுதி) சூட்டில் ஆயில் தீப்பற்றும். காற்று பாய்ந்தால் தீ பெருகும். புகை இல்லையென்றால் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் (ஆயில் அளவுக் குச்சி) பாருங்கள்.

பழைய டர்போ கார்களைப் பழுது பார்ப்பவர்

நேற்றுவரை காய்ந்திருந்த தரையில் இன்று குளமாக ஆயில் என்றால், எல்லோரும் முதலில் ரியர் மெயின் சீலைத்தான் (கிராங்க் தண்டின் பின்முனையில் ஆயிலை அடைக்கும் வளையம்) பழிக்கிறார்கள். அந்த சீல் பெரும்பாலும் மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கசியும். திடீரென்று கொட்டுவது பெரும்பாலும் அழுத்தம் நேரடியாகத் தாங்கும் சின்னப் பாகங்கள்தான்: ஃபில்டர், பிரஷர் ஸ்விட்ச், டர்போவுக்குப் போகும் ஆயில் குழாய், கூலர் ஹோஸ்.

அண்மையில் ஆயில் மாற்றிய வண்டியானால் முதல் சந்தேகம் ஃபில்டர்மேல். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜின் பிளாக்கிலேயே ஒட்டிக்கொள்ளும். அது தெரியாமல் புது ஃபில்டரைப் பூட்டினால் இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும்போது அழுத்தம் மிக அதிகம். மேல் வளையம் பிதுங்கி, ஓரிரு நிமிடத்தில் சம்ப் (இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) காலியாகிவிடும். கழற்றியதும் பழைய ஃபில்டரில் வளையம் இருக்கிறதா என்று பார்ப்பதும், பிளாக் முகத்தை விரலால் தடவுவதும் கட்டாயம். புது வளையத்தில் ஆயில் பூசி, முகத்தைத் தொட்ட பிறகு முக்கால் சுற்று. கையாலேயே இறுக்கினால் போதும்.

பிரஷர் ஸ்விட்ச் பழுதானால் கனெக்டருக்குள்ளேயே ஆயில் நிற்கும். பல கார்களில் அதன் மரை கூம்பு வடிவம். மேலும் மேலும் இறுக்கினால் பிளாக் விரிசல் விடும். டெஃப்லான் டேப்பும் சுற்ற வேண்டாம். ஸ்விட்சுக்கு எர்த் அந்த மரை வழியாகத்தான் கிடைக்கிறது.

மியாட்டா என்ஏ 1.6 உரிமையாளர்

ரியர் மெயின் சீல் பற்றிச் சொன்னது மிகச் சரி. 1989 முதல் 1997 வரை வந்த மியாட்டாவில் ஹெட்டின் (சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பாகம்) பின்முனையில் கேம் ஆங்கிள் சென்சார் (வால்வுகளை இயக்கும் கேம் தண்டின் நிலையைச் சொல்வது) இருக்கிறது. அதன் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) சூட்டில் கெட்டியாகி, சப்பையாகி, வெடித்துப்போகும். ஆயில் ஹெட்டின் பின்புறம் வழிந்து, பெல் ஹவுசிங் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு) அடியில் சொட்டும். கீழிருந்து பார்த்தால் அசல் ரியர் மெயின் சீல் கசிவு மாதிரியே இருக்கும். கியர்பாக்ஸை இறக்கும் முன் ஒரு சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்து ஹெட்டின் பின்புறத்தைப் பாருங்கள்.

சென்சாரைப் பிடித்திருப்பது ஒரே போல்ட், 12 மி.மீ. ஸ்பேனர். கழற்றும் முன் சென்சார் உடலிலும் ஹெட்டிலும் சேர்த்து ஒரு கோடு கீறுங்கள், ஏனென்றால் அதைத் திருப்பினால் இக்னிஷன் டைமிங் (பொறி விழும் நேரம்) மாறும். வெளியே இருக்கும்போது இன்ஜினைச் சுற்றக் கூடாது. புது ஓ-ரிங் விட்டான் (சூடு தாங்கும் ரப்பர்) ரகமாக இருக்கட்டும். நைட்ரைல் ரப்பர் அந்தச் சூட்டில் சீக்கிரம் விறைத்துவிடும். மாட்டிய பிறகு டயக்னோஸ்டிக் பெட்டியில் டென் (TEN), ஜிஎன்டி (GND) என்ற இரண்டு முனைகளையும் இணைத்து, டைமிங் லைட் அடித்து, டைமிங்கை 10 டிகிரியில் வைக்க வேண்டும். பக்கத்தில் போகும் ஹீட்டர் ஹோஸ் ஆயிலில் ஊறி உப்பியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். விட்டுவைத்தால் அடுத்து கூலண்ட் போகும்.

வால்வு கவரும் (ஹெட்டின் மேல்மூடி) இதே வழியில் ஏமாற்றும். அந்த போல்ட்டுகளுக்கு 5 முதல் 9 நியூட்டன் மீட்டர் இறுக்கம்தான். அதிகம் இறுக்கினால் கேஸ்கெட் பிதுங்கிக் கசிவு கூடும்.

ஏர்-கூல்டு (காற்றால் குளிரும் இன்ஜின்) போர்ஷே 911 உரிமையாளர்

எங்கள் கார்களில் கதை வேறு. ட்ரை சம்ப் (ஆயில் இன்ஜின் அடியில் நிற்காமல் தனித் தொட்டியில் இருக்கும் அமைப்பு) என்பதால் குளிர்ந்த இன்ஜினில் டிப்ஸ்டிக் பார்த்து ஆயில் இல்லை என்று ஊற்றிவிடாதீர்கள். இன்ஜின் நன்றாகச் சூடேறி, சமதளத்தில், ஐடிலில் ஓடும்போதுதான் அளவு பார்க்க வேண்டும். அதிகம் ஊற்றினால் ப்ரீதர் (ஆவியை வெளியேற்றும் குழாய்) வழியாக ஏர் ஃபில்டருக்குப் போய்ப் புகை தள்ளும்.

ஹீட் எக்ஸ்சேஞ்சர் (எக்ஸாஸ்ட் சூட்டால் காருக்குள் வெப்பம் தரும் பாகம்) மேல் சொட்டிப் புகைந்தால் ஆயில் ரிட்டர்ன் குழாய்களை (ஹெட் பக்கத்திலிருந்து ஆயிலைத் திரும்ப இறக்குபவை) பாருங்கள். பக்கத்துக்கு இரண்டு, ஒவ்வொரு முனையிலும் ஒரு ஓ-ரிங். நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய இரட்டைக் குழாய் கிடைக்கிறது; பழையதை வெட்டி எடுத்து, ஹெட்டைக் கழற்றாமலே மாட்டலாம்.

டர்போ பழுது பார்ப்பவர்

ஒரே சமயத்தில் இரண்டு மூன்று இடத்தில் கசிந்தால், சீல்களை வாங்கும் முன் பிசிவி வால்வை (கிராங்க் கேஸில் சேரும் வாயுவை வெளியேற்றுவது) கழற்றிக் குலுக்குங்கள். சத்தம் வராவிட்டால் அடைத்திருக்கிறது. கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறி, புது சீலையும் தள்ளிவிடும். ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து வாயில் ஒரு காகிதம் வையுங்கள்: லேசாக உள்ளிழுத்தால் நல்லது, தூக்கி எறிந்தால் பிசிவிதான்.

இடம் பிடிபடவில்லையா? டிகிரீசர் போட்டுக் கழுவி, நன்றாகக் காய விட்டு, ஆயிலில் யூவி டையை (யூவி ஒளியில் மினுங்கும் சாயம்) கலந்து, 15 நிமிடம் ஓட்டிவிட்டு யூவி விளக்கு அடியுங்கள். ஈரத்தின் மிக உயர்ந்த புள்ளிதான் உங்களுக்கு வேண்டியது. வண்டி ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னோக்கித் தள்ளும், ஆகவே முன்புறமும் பாருங்கள்.

கசிவு நிறுத்தும் திரவங்கள் விறைத்த ரப்பரைக் கொஞ்சம் உப்ப வைக்கும், அவ்வளவுதான். வெடித்த ஓ-ரிங்குக்கு அவை எதுவும் செய்யாது. டைமிங் பெல்ட்டில் ஆயில் பட்டிருந்தால் துடைத்துவிட்டு ஓட்டாதீர்கள். சீலோடு பெல்ட்டையும் மாற்றுங்கள்.