ராத்திரி சீன் எல்லாம் சாம்பல் கரைத்த மாதிரி தெரிகிறது: தியேட்டர் கோளாறா, என் கண் கோளாறா?

பல்லடத்தான்:
வணக்கம்ங்க. ஒரே படத்தைப் பத்து நாள் இடைவெளியில் ரெண்டு இடத்தில் பார்த்தேன். முதலில் எங்க ஊர்ப் பக்கத்துத் தியேட்டரில், அப்புறம் சித்தப்பா பையன் இழுத்துக்கொண்டு போனதால் கோயமுத்தூரில் ஒரு மல்டிபிளெக்ஸில். படத்தில் ராத்திரி நேரம் தோட்டத்துச் சாளையில் ஒரு சண்டை வரும். இங்கே பார்த்தபோது யார் யாரை அடிக்கிறார்கள் என்றே புரியவில்லை, திரை முழுக்கச் சாம்பல்தான். கோயமுத்தூரில் அதே சீனில் பின்னால் கட்டியிருந்த எருமையின் மூக்கணாங்கயிறு வரை தெரிந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், எங்க ஊரில் வாசலிலேயே 4கே என்று போர்டு வைத்திருக்கிறார்கள், கோயமுத்தூர்க்காரர்களிடம் கேட்டால் எங்களுது 2கே தாங்க என்கிறார்கள். இது எப்படி?

இன்னொன்று. மாடியில் பன்னிரண்டுக்குப் பதினாறு ரூம் ஒன்று சும்மா கிடக்கிறது. பேசாமல் நாமளே ஒரு புரொஜெக்டர் வாங்கி மாட்டிவிடலாமா என்று யோசனை. ஆன்லைனில் ஒன்று 12,000 லூமென்ஸ் (மெஷின் கக்குகிற வெளிச்சத்தின் அளவு) என்று போட்டு ரொம்பக் கம்மி விலைக்கு வருகிறது.

பழைய ஆபரேட்டர்:
உங்க கண்ணு நல்லாத்தான் இருக்குதுங்க தம்பி. 4கே, 2கே எல்லாம் புள்ளிக் கணக்கு. குறுக்கே 4096 புள்ளி இருந்தால் 4கே, 2048 இருந்தால் 2கே. பாதி ஹாலுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் நிறையப் பேருக்கு அந்த வித்தியாசம் பிடிபடாது. வெளிச்சம் குறைந்தால்தான் எல்லாருக்கும் உறுத்தும். ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் சேர்ந்து 2005-ல் வெளியிட்ட டிசிஐ விதிப்படி, திரையின் நடுவில் சுத்த வெள்ளை 14 ஃபுட்-லாம்பர்ட் இருக்கவேண்டும் (திரையின் பளிச்சை அளக்கிற அலகு), இன்னொரு அலகில் சொன்னால் 48 நிட்ஸ். உங்க செல்போனே அதைப்போலப் பல மடங்கு அடிக்கும். இருக்கிறதே அவ்வளவுதான், அதிலும் பாதி போனால் ராத்திரி சீனில் மிச்சம் என்ன இருக்கும்?

எங்கே போகிறது என்று கேட்டால், முதல் ஆசாமி லேம்ப். ஜெனான் லேம்ப் ஓட ஓட உள்பக்கக் கண்ணாடி கருத்துக்கொண்டே வரும், வெளிச்சம் இறங்கும். மாற்ற வேண்டிய மணிக்கணக்கு தாண்டின பிறகும் 'இன்னும் எரியுதில்ல, ஓட்டுங்க' என்று சொல்லாத முதலாளியை நான் பார்த்ததில்லை. அடுத்தது, மெஷின் இருக்கிற கேபினுக்கும் ஹாலுக்கும் நடுவில் இருக்கிற கண்ணாடி. அதைத் துடைத்து எத்தனை மாசமோ. ஒருமுறை நான் துடைத்த துணி ரசப்பொடி நிறத்தில் வந்தது.

மூன்றாவது கொஞ்சம் மோசம். 3டி படம் ஓட்டுவதற்காகச் சில மெஷின்களில் மாட்டுகிற ரெட்டை லென்ஸைச் சாதாரணப் படத்துக்கும் கழற்றாமல் அப்படியே விட்டுவிடுவார்கள். பாதிக்கு மேல் வெளிச்சம் அதிலேயே காலி. அடுத்த தடவை போனால் உட்கார்ந்தபடியே கேபின் ஜன்னலைத் திரும்பிப் பாருங்க. 3டி இல்லாத படத்துக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக ரெண்டு வெளிச்சம் வந்தால் அதுதான் சங்கதி. 4கே என்று போர்டு வைத்திருக்கும் இடத்தில் இதை அவசியம் பாருங்க.

எங்க காலத்தில் லேம்புக்குப் பதில் கார்பன் குச்சி. ரெண்டு குச்சியும் எரிந்து தேயத் தேய இடைவெளியைச் சரி பண்ணிக்கொண்டே இருக்கவேண்டும். டீ குடிக்கப் போய்த் திரும்புவதற்குள் திரை மங்கிவிடும், தரை டிக்கெட்டிலிருந்து விசில் பறக்கும், ஓடி வருவோம். இப்போது விசிலும் இல்லை, பல இடத்தில் கேபினில் ஆளும் இல்லை.

சோமனூர் தறி:
அந்த 12,000 லூமென்ஸ் பெட்டியை மட்டும் வாங்கிவிடாதீங்க. நான் வாங்கி அழுதவன். 4கே சப்போர்ட் என்று போட்டிருந்தது. சப்போர்ட் என்றால் 4கே வீடியோவை உள்ளே வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான், திரையில் விழுவது 720 வரி. 'ஆன்சி லூமென்ஸ்', அதாவது முறைப்படி அளந்த வெளிச்சம், எவ்வளவு என்று எங்கேயும் எழுதவில்லையென்றால் தாண்டிப் போய்விடுங்க. வீட்டில் விசைத்தறி இருக்கிறதா? எங்க வீட்டில் ஆறே மாசத்தில் ஃபில்டர் முழுக்கப் பஞ்சு அடைத்து மெஷின் சூடாகித் தானாக அணைந்துபோனது. கழற்றிப் பார்த்தால் உள்ளே சின்னத் தலையணையே தைக்கலாம். திரையில் வேறு நிலா மாதிரி ஒரு வட்டம், லென்ஸில்தான் அழுக்கு என்று துடைத்துத் துடைத்துப் பார்த்தால் உள்ளே படத்தை உண்டாக்குகிற எல்சிடி தகட்டின் மேல் தூசி உட்கார்ந்திருக்கிறது. தறி ஓடுகிற வீடு என்றால் மாசம் ஒருதரம் ஃபில்டரைச் சுத்தம் பண்ணியே ஆகவேண்டும்.

கோபி வாய்க்கால்:
ஆபரேட்டர் அண்ணன் சொன்ன 14 இருக்கிறதே, அதை வைத்தே வீட்டுக்கும் கணக்குப் போடலாம். திரை எத்தனை சதுர அடியோ அதை 14-ஆல் பெருக்கினால், சாதாரண வெள்ளைத் திரைக்கு எத்தனை லூமென்ஸ் வேண்டும் என்று வந்துவிடும். 100 இன்ச் திரை ஏறக்குறைய 30 சதுர அடி, ஆகவே 420 லூமென்ஸ் உண்மையாக இருந்தால் போதும். 40 அடி அகலத்துக்கு ஸ்கோப் திரை (உயரம் கம்மி, அகலம் ஜாஸ்தி) வைத்த தியேட்டருக்கு அதே கணக்கில் 9,000-க்கு மேல் வேண்டும். இப்போது அந்த 12,000 எவ்வளவு பெரிய புளுகு என்று புரிகிறதுங்களா? தியேட்டர் மெஷின் செய்கிற வேலையை டிபன் பாக்ஸ் சைஸ் பெட்டி எங்கிருந்து செய்யும்.

ஆனால் வெளிச்சத்தை மட்டுமே பிடித்துக்கொண்டு தொங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. புரொஜெக்டரால் கருப்பு அடிக்க முடியாது, வெளிச்சம் விழாத இடம்தான் கருப்பு. ரூமில் சுவரும் மேல் சீலிங்கும் வெள்ளையாக இருந்தால் திரையிலிருந்து கிளம்புகிற வெளிச்சம் அங்கே பட்டுத் திரும்பத் திரைக்கே வந்து கருப்பைச் சாம்பலாக்கிவிடும். தியேட்டரிலும் படிக்கட்டு விளக்கு, எக்ஸிட் போர்டு எல்லாம் இதே வேலையைத்தான் செய்கின்றன. அதனால் மெஷினுக்குச் செலவு பண்ணுமுன் ரூமைக் கருப்பாக்குங்க. திருப்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு கருப்புத் துணிக்கு அலையவா போகிறீங்க? திரைக்கு முன்னால் சீலிங்கில் ஆறடி, ரெண்டு பக்கச் சுவரிலும் ஆறடி, போதும். அப்புறம் மெஷினைக் கோணலாக வைத்துக் கீஸ்டோனில் (கோணல் படத்தை மெஷினே நேராக்குகிற வசதி) நிமிர்த்தாதீங்க, புள்ளிகள் வீணாகும். நேராக மாட்டுங்க.

முதலாளிகளையும் ஒரேயடியாகத் திட்டக்கூடாதுங்ணா. மூன்று பேர் உட்கார்ந்திருக்கிற மதியக் காட்சிக்கும் அதே லேம்ப்தான் எரியவேண்டும்.

பழைய ஆபரேட்டர்:
மூன்று பேரும் முழு டிக்கெட் எடுத்தவர்கள்தானே கண்ணு.

பல்லடத்தான்:
எல்லாருக்கும் நன்றிங்க. நேற்று ரெண்டாவது ஆட்டம் போனேன், 3டி இல்லாத படம். திரும்பிப் பார்த்தால் ஜன்னலில் ரெண்டு வெளிச்சம், ஒன்றன்மேல் ஒன்று. இன்டர்வெலில் மேனேஜரிடம் சொன்னேன். 'லென்ஸைக் கழட்ட கம்பெனி ஆள் வரணுங்க, அடுத்த மாசம் எப்படியும் ஒரு 3டி படம் இருக்குது, எதுக்குக் கழட்டி மாட்டிக்கிட்டு' என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது, ஒரு பப்ஸ் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ரூம் விஷயத்தில் ஒரு முட்டுக்கட்டை. பனியன் கம்பெனியில் வேலை செய்கிற மாமாவிடம் சொல்லிக் கருப்புத் துணி ரோல் கொண்டுவந்து இறக்கியாச்சு. ஏணி போட்டுக் கட்டப் போகும்போது அம்மா பார்த்துவிட்டு, 'குடியிருக்கிற வீட்டில் எவனாவது கருப்புத் துணி கட்டுவானா' என்று பிடித்துக்கொண்டார்கள். ரெண்டு நாள் பேசி, கடைசியில் அரக்கு நிறம் என்றால் சரி என்று இறங்கி வந்திருக்கிறார்கள். அரக்கில் வேலை நடக்குங்களா, இல்லை கருநீலத்துக்கு இன்னொரு ரெண்டு நாள் பேசிப் பார்க்கட்டுமா?

கோபி வாய்க்கால்:
எதுவானாலும் மினுமினுப்பு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்க. அரக்கு என்றால் வருகிற வெளிச்சத்தில் துளி சிவப்பு ஏறும், கருநீலம் அதைவிடத் தேவலாம். இன்னும் ரெண்டு நாள் பேசுங்க.