ரேங்கல் தீவில் தப்பிய அந்தப் பெண் யார்?

கேள்வி

ஆர்க்டிக் பயணங்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். 1921-ல் சைபீரியாவுக்கு வடக்கே இருக்கும் ரேங்கல் தீவுக்குப் போன குழுவைப் பற்றிய ஒரு கட்டுரையில் கிராஃபோர்ட், நைட், மாரர், கேல் என்ற நான்கு ஆண்களுக்கும் ஆளுக்கொரு பத்தி ஒதுக்கியிருக்கிறார்கள். நால்வரும் இறந்துவிட்டார்கள். கடைசி வரியில், "உடன் சென்ற எஸ்கிமோ பெண் மட்டும் மீட்கப்பட்டார்". அவ்வளவுதான், பெயர்கூட இல்லை. யார் அவர்? பனியிலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதால்தான் தப்பினாரா?

பதில் 1

அவர் பெயர் ஏடா பிளாக்ஜாக். அலாஸ்காவின் பூர்வகுடிகளான இனுபியாட் இனத்துப் பெண். எனக்கும் தையல்தான் சோறு போடுகிறது. அவரைக் கூட்டிப்போனதும் தையலுக்குத்தான் என்று தெரிந்ததிலிருந்து அவர் கதையை விடவில்லை.

பனியில் வளர்ந்ததால் தப்பினார் என்று நினைக்காதீர்கள். அவர் வளர்ந்தது நோம் நகரத்தில், மெதடிஸ்ட் மிஷனரிகளிடம். அங்கே கற்றது ஆங்கிலம், சமையல், தையல். வேட்டை தெரியாது, துப்பாக்கி பிடித்ததில்லை, பனிக்கரடி என்றாலே குலை நடுங்கும். பெற்ற மூன்று பிள்ளைகளில் இரண்டு போய்விட்டன. கணவர் கைவிட்ட பிறகு, மிஞ்சிய மகன் பென்னட்டோடு நாற்பது மைல் நடந்தே நோமுக்கு வந்தார். பையனுக்கு காசநோய், வைத்தியத்துக்குக் காசில்லை. அவனை அனாதை விடுதியில் விட்டுவிட்டு, மாதம் 50 டாலர் சம்பளத்துக்கு இந்த வேலையை ஒத்துக்கொண்டார். அப்போது வயது 23. இனுபியாட் குடும்பங்களும் கூட வரும் என்று பேச்சு. கடைசியில் யாரும் வரவில்லை, ஏடா மட்டும் கப்பலேறினார்.

தையல் என்றால் கிழிசல் ஒட்டுவது இல்லை. அந்தக் குளிரில் கம்பளியும் பருத்தியும் வேலைக்கு ஆகாது. கலைமான் தோலில் மேலங்கி, கடல்நாய்த் தோலில் பூட்ஸ். நூலுக்கு மிருகத்தின் தசைநார். ஈரம் பட்டால் அது ஊதி, ஊசித்துளையை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் உள்ளே போகக் கூடாத இடத்தில் ஊசி தோலின் பாதி கனம்வரைதான் இறங்க வேண்டும், மறுபக்கம் தலைகாட்டக் கூடாது. லெதர் பை தைத்துப் பார்த்தவர்களைக் கேளுங்கள், எவ்வளவு கஷ்டம் என்று சொல்வார்கள். ஒரு தையல் விட்டால் கால் நனையும், நனைந்த கால் உறைந்துபோகும்.

இந்தத் திட்டத்தைப் போட்டவர் ஸ்டெஃபான்சன் என்ற ஆர்க்டிக் ஆய்வுப்பயணி. அவர் கூடப் போகவே இல்லை. தீவில் பிரிட்டிஷ் கொடி நட வேண்டும், அதுதான் அவர் கனவு. ஆறு மாதத்துக்கான சாமான்தான் கொடுத்தனுப்பினார், மிச்சத்தை வேட்டையாடிக்கொள்ளலாமாம். 1922-ல் வர வேண்டிய கப்பல் பனிக்கட்டியில் வழி கிடைக்காமல் திரும்பிவிட்டது. 1923 ஜனவரி 28-ல் மூன்று பேர் உதவி தேடி உறைந்த கடல் மேல் சைபீரியாவுக்குக் கிளம்பினார்கள். போனவர்கள் போனவர்கள்தான். வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயில் படுத்துவிட்ட நைட்டும், ஏடாவும், விக் என்ற பூனையும் மட்டும் மிஞ்சினார்கள்.

பதில் 2

நைட்டை ஏடா சரியாகக் கவனிக்காமல் சாகவிட்டார் என்று அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் வந்ததே? அதையும் சொன்னால்தானே முழுக்கதை?

பதில் 1 எழுதியவர்

சொல்கிறேன். அந்தப் புகாரைக் கிளப்பியவர் மீட்புக் கப்பலில் போன ஹரால்ட் நாய்ஸ். தீவில் நடந்த எதையும் அவர் கண்ணால் பார்த்ததில்லை. நைட்டைப் பெற்றவர்களோ ஏடாவை நேரில் சந்தித்தபின் அவர் பக்கம்தான் நின்றார்கள். எனக்கு அந்தச் சாட்சி போதும்.

ஏடாவே தீவில் நாட்குறிப்பு எழுதினார், பள்ளிக்கூட ஆங்கிலத்தில், தட்டுத்தடுமாறி. நான்கு ஆண்களின் வேலையை ஒரு பெண் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று இந்த மனுஷர் ஒருநாளும் நினைத்துப் பார்ப்பதில்லை என்று நைட்டைப் பற்றி எழுதுகிறார். விறகு சேர்ப்பது, வேட்டை, படுத்தவருக்குச் சாப்பாடு, மலம் எடுத்துக் கொட்டுவதுவரை அவர்தான். அதற்கு நைட்டிடம் கிடைத்த பேச்சு: நீ சரியாகப் பார்த்துக்கொள்ளாததால்தான் உன் பிள்ளைகள் செத்தன. இதைப் படித்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

நரிக்குப் பொறி வைக்கக் கற்றார். துப்பாக்கி சுடக் கற்றார். கரடி வருவது தூரத்திலேயே தெரிய ஒரு பரண் கட்டினார். ஜூன் மாதம் நைட் இறந்ததும், குழி தோண்டத் தெம்பில்லாமல், மிருகங்கள் நெருங்காதபடி உடலைச் சுற்றிப் பெட்டிகளை அடுக்கிவிட்டு, தான் வேறு கூடாரத்துக்கு மாறினார். கப்பல் வந்தது ஆகஸ்ட் 20-ஐ ஒட்டி. கிட்டத்தட்ட இரண்டு மாதம் தனியாக, பூனையோடு. அப்போதும் தையல் நிற்கவில்லை.

பதில் 3

இதே தீவில் இன்னொரு இனுபியாட் பெண்ணும் இருந்திருக்கிறார், அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டெஃபான்சனின் முந்தைய பயணத்துக் கப்பலான கார்லக் 1914 ஜனவரியில் மூழ்கியதும், ஆட்கள் பனி மேல் நடந்து ஒதுங்கியது இந்த ரேங்கல் தீவில்தான். அதில் கிருக் என்ற பெண், கணவர் குராலுக், இரண்டு சின்ன மகள்கள். கப்பலில் இருந்த 25 பேரில் 11 பேர் இறந்தார்கள். இந்தக் குடும்பத்தில் ஒருவர்கூடப் போகவில்லை. எல்லோருக்கும் குளிருடுப்பு தைத்தவர் கிருக். இளைய மகள் முக்பி 2008 வரை இருந்தார்.

ஏடாவோடு போன மாரரும் கார்லக்கில் தப்பியவர்தான். அனுபவசாலி என்று அவரைச் சேர்த்தார்கள். கிருக்கைப் போல ஒரு குடும்பம் கூட இருந்ததால் பிழைத்தோம் என்பது மட்டும் யாருக்கும் உறைக்கவில்லை போலிருக்கிறது!

கேள்வி கேட்டவர்

மூன்று பதில்களுக்கும் நன்றி. அந்தப் பையன் பென்னட் என்ன ஆனான்?

பதில் 1 எழுதியவர்

சம்பளப் பணத்தில் சியாட்டிலுக்குக் கூட்டிப்போய் வைத்தியம் பார்த்தார். பென்னட் 1972 வரை இருந்தார். ஏடா 1983 மே மாதம், 85 வயதில் அலாஸ்காவின் பால்மரில் காலமானார். அதுவரை பெரும்பாலும் வறுமைதான். அவர் பட்ட பாட்டை எழுதியும் பேசியும் காசு பார்த்தவர்கள் வேறு ஆட்கள். பில்லி என்று இன்னொரு மகனும் உண்டு. அம்மாவின் கதை மறக்கப்படக் கூடாது என்று பாடுபட்டவர் அவர்.