தங்கச்சிக்கு பி.எஸ்சி நர்சிங்கா, ஜி.என்.எம்மா?

மதுரைப்பக்கம்:
வணக்கம். தங்கச்சி பிளஸ் டூ முடிச்சிருக்கா, பயோ குரூப், 441 மார்க். நர்சிங்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. இந்த மார்க்குக்கு கவுன்சிலிங்ல கவர்ன்மெண்ட் பி.எஸ்சி கஷ்டம், கவர்ன்மெண்ட் ஜி.என்.எம் (நர்சிங் டிப்ளமா) வேணா கிடைக்கலாம்னு சொல்றாங்க. இல்லன்னா பக்கத்துல பிரைவேட் காலேஜ்ல பி.எஸ்சி, அதுக்கு அப்பா லோன் போடணும். டிப்ளமாவுக்கு மதிப்பு இருக்குமான்னு அம்மாவுக்கு பயம். படிச்சவங்க யாராவது சொல்லுங்க.

லேபர்வார்டு அக்கா:
நான் ஜி.என்.எம்தான் தம்பி, கவர்ன்மெண்ட்ல படிச்சேன். மூணு வருஷம் பெரியாஸ்பத்திரி வார்டுலயே கெடந்தோம், கை தானா பழகிடும். அப்புறம் ரெண்டு வருஷம் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி முடிச்சேன், இப்ப நானும் டிகிரிதான். தமிழ்நாடு கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்குற எம்.ஆர்.பி நர்ஸ் எக்ஸாம பி.எஸ்சி, ஜி.என்.எம் ரெண்டு பேருமே எழுதலாம். ஆனா செலக்ட் ஆனதும் ஃபுல் சம்பளம்னு நெனச்சிடாதீங்க, மொதல்ல தொகுப்பூதியம்தான், வேகன்சி வந்து ரெகுலர் ஆகுறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும்.

எட்டுசெமஸ்டர்:
அக்கா, மூணும் ரெண்டும் அஞ்சாச்சே, பி.எஸ்சி நாலு வருஷத்துல முடியுது. எய்ம்ஸ் ஆஸ்பத்திரிங்களுக்கு நர்ஸ் எடுக்குற நார்செட் எக்ஸாமுக்கு பி.எஸ்சி முடிச்சு நர்சிங் கவுன்சில்ல ரிஜிஸ்டர் பண்ணா போதும், ஜி.என்.எம்னா 50 பெட் ஆஸ்பத்திரியில 2 வருஷ எக்ஸ்பீரியன்ஸ் கேப்பாங்க. அங்க சம்பளம் லெவல் 7, மாச பேசிக்கே 44,900. ஆனா ப்ரோ, பிரைவேட்ல சேக்குறதுக்கு முன்னாடி அவங்களுக்கு சொந்த ஆஸ்பத்திரி இருக்கா, இந்தியன் நர்சிங் கவுன்சில் லிஸ்ட்ல பேர் இருக்கான்னு பாருங்க. நான் படிச்ச எடத்துல ஆஸ்பத்திரி இருந்துச்சு, பேஷண்ட்தான் இல்ல. இன்ஸ்பெக்ஷன் அன்னிக்கு மட்டும் எல்லா பெட்லயும் ஆள் படுத்திருக்கும், அதுல ரெண்டு பேரு எங்க பஸ் டிரைவர்ங்க 😀 ஊசி போட ஒழுங்கா கத்துக்கிட்டதே வேலைக்கு போனப்புறம்தான். ஒரிஜினல் சர்டிபிகேட்ட வேற புடிச்சு வச்சுக்கிட்டு ஆறு மாசம் அலையவிட்டாங்க.

லண்டன்குளிர்:
வெளிநாட்டு ஆசை இருந்தா ஒன்னு சொல்றேன், இங்க யூகேல என் வார்டுல ஜி.என்.எம் படிச்சவங்களும் இருக்காங்க. இங்கிலீஷுக்கு ஐ.இ.எல்.டி.எஸ் இல்லன்னா ஓ.இ.டி எக்ஸாம், அப்புறம் சி.பி.டின்னு கம்ப்யூட்டர் டெஸ்ட், இங்க வந்து ஆஸ்கின்னு பிராக்டிகல், அவ்ளோதான். நம்ம புள்ளைங்க தடுக்கி விழுறது இங்கிலீஷ் ரைட்டிங்லதான், எந்த கோர்ஸா இருந்தாலும் ஃபர்ஸ்ட் இயர்லயே அத ஆரம்பிக்க சொல்லுங்க.

லேபர்வார்டு அக்கா:
பஸ் டிரைவர் மேட்டர் உண்மைதான், கேள்விப்பட்டிருக்கேன். தம்பி, ரெண்டுக்குமே அப்ளிகேஷன் போட்டு வைங்க. கவர்ன்மெண்ட் சீட்டு எது வந்தாலும் விடாதீங்க, லோன் போட்டு ஆளில்லாத ஆஸ்பத்திரியில படிக்கிறதுக்கு அது எவ்வளவோ மேல்.

மதுரைப்பக்கம்:
ரொம்ப நன்றிக்கா, ப்ரோ. தங்கச்சி பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் படிச்சிட்டா. திங்கக்கிழமை அம்மாவுக்கு மூட்டு வலின்னு சொல்லி அந்த காலேஜ் ஆஸ்பத்திரியில ஓ.பி சீட்டு போடப் போறோம். வலி நெஜமாவே இருக்கு, அதனால பொய்யும் இல்ல.