ஆபாசப் படம் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே மாதிரி பாதிக்குமா?

கீழவாசல்:
பிரிட்டனில் 2025 ஜூலை 25 முதல் ஆபாசத் தளங்கள் பார்ப்பவரின் வயதைச் சரிபார்த்தே ஆக வேண்டும். மனசார வரவேற்கிறேன். இங்கிலாந்தின் குழந்தைகள் ஆணையர் 2023-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, முதல்முறை பார்க்கும் சராசரி வயது 13. பத்தில் ஒருவர் 9 வயதிலேயே பார்த்திருக்கிறார். 9 வயது! இதில் போய் 'பாதிப்பு ஆளைப் பொறுத்தது' என்று சிலர் இழுக்கிறார்களே, எப்படி மனசு வருகிறது?

தென்றல்:
சார், சட்டம் வரட்டும். ஆனால் ஆளைப் பொறுத்ததுதான். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் ஊடக ஆய்வாளர்கள் வால்கன்பர்க், பீட்டர் இருவரும் 2013-இலேயே எழுதியிருக்கிறார்கள்: பிள்ளையின் சுபாவம், வளர்ச்சிப் பருவம், வீடும் நட்பும், இவற்றைப் பொறுத்து ஊடகத்தின் தாக்கம் கூடும், குறையும். ஆபாசமும் பதின்வயதினரும் பற்றிய இருபது ஆண்டு ஆய்வுகளை 2016-இல் அலசியதும் இவர்கள்தான். பெண்களைப் பற்றிய பத்தாம்பசலி எண்ணங்களுக்கும் ஆபாசம் பார்ப்பதற்கும் தொடர்பு தெரிகிறது. எதனால் எது வந்தது என்பது மட்டும் பிடிபடவில்லை. அப்படி நினைக்கிற பையன் தேடிப் போகிறானா, பார்த்த பிறகு நினைக்கிறானா? பெரும்பாலான ஆய்வுகள் ஒரே ஒருமுறை கேட்டுப் பதிவு செய்தவை. அதை வைத்து எல்லாப் பிள்ளையும் கெட்டுப்போகும் என்று சொல்வது நியாயமில்லை.

கீழவாசல்:
எந்தப் பிள்ளை தாங்கும், எது தாங்காது என்று நெற்றியில் எழுதியா ஒட்டியிருக்கிறது? தெரியாதபோது எல்லோருக்கும் சேர்த்துத்தான் கதவைச் சாத்த வேண்டும்.

லண்டன் டீச்சர்:
சாத்துங்கள் அண்ணா. அதையும் தாண்டி உள்ளே போகிறவர்களைப் பற்றிச் சொல்கிறேன். இங்கே உயர்நிலைப் பள்ளிகளில் பாலுறவுக் கல்வி 2020 செப்டம்பரிலிருந்து கட்டாயம். என் வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "பொண்ணு வேண்டாம்னு சொன்னா, நிஜமாவே வேண்டாம்னுதான் அர்த்தமா மிஸ்?" பக்கத்தில் இருந்தவன் உடனே, "டேய், அதெல்லாம் நடிப்புடா, காசு கொடுத்து எடுக்கறாங்க. எங்க அக்கா சொல்லியிருக்கா" என்றான். இருவரும் ஒரே வயசு. பார்த்ததும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவனுக்கு வீட்டில் பேச ஆள் இருந்தது. எனக்கு அந்த முதல் பையன்தான் கவலை.

தென்றல்:
நான் சொல்ல வந்ததும் இதுதான் அக்கா. எல்லோரையும் ஒன்றாகப் பார்த்தால் அவன் நம் கண்ணில் படவே மாட்டான்.

கீழவாசல்:
நானும் அவனுக்காகத்தான் பேசுகிறேன். வீட்டில் அக்கா இல்லாதவனுக்குச் சட்டமாவது துணைக்கு இருக்கட்டும்.