உதவி: ஊசலில் ஜி 36.9 வருகிறது, நாளைக் காலை கண்காட்சி

செல்லூர் அப்பா, இரவு 8.40
மகள் ஒன்பதாம் வகுப்பு. நாளைக் காலை பள்ளியில் அறிவியல் கண்காட்சி. ஊசல் ஆட்டிப் புவியீர்ப்பு முடுக்கம், அதாவது ஜி, கண்டுபிடிக்க வேண்டும். 9.8 வர வேண்டிய இடத்தில் 36.9 வருகிறது. நூலை மாற்றியாயிற்று, குண்டை மாற்றியாயிற்று, அதேதான். பிள்ளை அழ ஆரம்பித்துவிட்டாள். எங்கே தப்பு? சீக்கிரம் சொல்லுங்கள்.

மேலூர்க்காரன், 8.46
நூல் எவ்வளவு நீளம்? எத்தனை ஆட்டத்துக்கு எத்தனை விநாடி?

திருநகர் தம்பி, 8.49
ஃபேன் ஓடுகிறதா? முதலில் அதை நிறுத்துங்கள். எனக்கும் ஒரு தடவை ஃபேன் காற்றில்தான் கணக்கே குழம்பிப்போனது.

ஓய்வு வாத்தியார், 8.55
நீளம் இல்லை, நேரம் இல்லை, எந்த வாய்ப்பாடு என்றுகூட இல்லை. டாக்டர் வீட்டு வாசலில் நின்றுகொண்டே 'உடம்புக்கு முடியவில்லை, மாத்திரை கொடுங்கள்' என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. இதை எத்தனையாவது முறை சொல்கிறேன் என்று எனக்கே மறந்துவிட்டது.

செல்லூர் அப்பா, 9.05
மன்னிக்கணும் சார், அவசரத்தில் விட்டுவிட்டேன். நூல் 80 செ.மீ. 20 ஆட்டத்துக்கு 18.5 விநாடி. 4 × பை வர்க்கம் × நீளம், அதை ஒரு ஆட்டத்து நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தோம். குண்டு, கொத்தனார் வேலை பார்க்கும் என் மாமனாருடைய தூக்குக்குண்டு. அரை கிலோ எடை. கரண்ட் போய் அரை மணி நேரம் ஆகிறது, ஃபேன் எங்கே ஓட!

உசிலம்பட்டி மணி, 9.08
அரை கிலோவா? அதுதான் விஷயம். கனம் ஏற ஏற வேகமாக ஆடும். ஐம்பது கிராமில் ஏதாவது கட்டிப் பாருங்கள்.

மேலூர்க்காரன், 9.11
குண்டை மாற்றியும் அதேதான் என்று முதலிலேயே எழுதிவிட்டாரே அண்ணே. கனம் கூடினால் பூமியின் இழுப்பும் கூடும், அசைக்க வேண்டிய நிறையும் அதே அளவு கூடும். இரண்டும் அடிபட்டுப் போகும்.

ஓய்வு வாத்தியார், 9.14
'அரை கிலோ எடை' என்பதே பிழை. கிலோ என்பது நிறை. எடை என்பது விசை, அதற்கு அலகு நியூட்டன். அந்தக் குண்டின் எடை 4.9 நியூட்டன்.

உசிலம்பட்டி மணி, 9.16
நாளைக்கு மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் 4.9 நியூட்டன் தக்காளி கேட்கிறேன் சார். பைக்குள் என்ன விழுகிறது என்று வந்து சொல்கிறேன்.

ஓய்வு வாத்தியார், 9.21
சிரிக்கலாம். ஆனால் தட்டுத் தராசு நிறையைத்தான் ஒப்பிடுகிறது. தக்காளியையும் கல்லையும் நிலாவுக்கே கொண்டுபோனாலும் தட்டு சமமாகத்தான் நிற்கும். சுருள்வில் தராசில் தொங்கவிட்டால் ஆறில் ஒரு பங்குதான் காட்டும். வித்தியாசம் இதுதான்.

உசிலம்பட்டி மணி, 9.23
அந்தக் கல்லுக்குப் பெயரே எடைக்கல்தானே சார். நிறைக்கல் என்று எந்தக் கடையில் சொல்கிறார்கள்?

லேப் அக்கா, 9.26
தக்காளி இருக்கட்டும். செல்லூர் அண்ணா, 36.9-ஐ நாலால் வகுத்துப் பாருங்கள், 9.2. நேரம் பாதியாகப் போனால் வர்க்கத்தில் அது நாலில் ஒன்று, ஜி நாலு மடங்காக ஏறிவிடும். 80 செ.மீ. ஊசல் ஒரு தரம் போய்த் திரும்ப ஏறக்குறைய 1.8 விநாடி ஆகும். இருபதுக்கு 36 விநாடி வர வேண்டும், உங்களுக்கு அதில் பாதிதான் வந்திருக்கிறது. பாப்பா இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் இரண்டு என்று எண்ணியிருப்பாள். ஊஞ்சலில் தள்ளிவிட்ட பிள்ளை நம் கைக்கே திரும்பி வந்தால்தான் ஒரு அலைவு. குண்டை விடும்போது 'ஒன்று' என்று ஆரம்பிக்காமல் 'பூஜ்யம்' என்று ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

செல்லூர் அப்பா, 9.38
அப்படியேதான் எண்ணியிருக்கிறாள்! இப்போது 37 விநாடி. ஜி 9.23. ஆனாலும் குறைகிறதே?

திருநகர் தம்பி, 9.41
மதுரை பூமத்திய ரேகைக்குப் பக்கம். இங்கே ஜி குறைவுதான், விட்டுவிடுங்கள்.

மேலூர்க்காரன், 9.45
குறைவுதான், ஆனால் இவ்வளவு இல்லை. நம் ஊரில் 9.78, துருவத்தில் 9.83. 1672-இல் ரிஷே என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸ் ஊசல் கடிகாரத்தைத் தென் அமெரிக்காவில் கயேனுக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு நாளைக்கு இரண்டரை நிமிடம் மெதுவாக ஓடியது. அவ்வளவு தூரம் போயும் அவ்வளவுதான் வித்தியாசம். எவ்வளவு அகலமாக ஆட்டுகிறீர்கள்? 40 டிகிரி இழுத்துவிட்டால் சரியாக 9.2 வரும்.

செல்லூர் அப்பா, 9.50
கோணமானி வைத்துப் பத்து டிகிரிதான். மூன்று தடவை பார்த்தாயிற்று.

லேப் அக்கா, 9.54
அப்படியானால் நீளம். 80 என்பது எங்கிருந்து எங்கே?

செல்லூர் அப்பா, 9.56
ஆணியிலிருந்து குண்டின் முடிச்சு வரை.

லேப் அக்கா, 10.01
அதுதான். குண்டின் ஈர்ப்பு மையம் வரை அளக்க வேண்டும். உருண்டை என்றால் ஆரத்தைக் கூட்டினால் போதும். தூக்குக்குண்டு கீழே கூராக இருப்பதால் நடுவில் இருக்காது, கொஞ்சம் மேலே இருக்கும். குண்டைப் படுக்கவைத்து, நிமிர்த்திய ஸ்கேல் விளிம்பில் எங்கே சாயாமல் நிற்கிறது என்று பாருங்கள். முடிச்சிலிருந்து அந்த இடம் வரை அளந்து 80-உடன் சேருங்கள். நேரம் இருந்தால் நூலை 40 ஆக்கி இன்னொரு தடவை ஆட்டுங்கள். நீளங்களின் வித்தியாசத்தையும் நேர வர்க்கங்களின் வித்தியாசத்தையும் போட்டால் மையம் எங்கே என்ற தொல்லையே இல்லை.

ஓய்வு வாத்தியார், 10.06
இதைத்தான் நான் ஆரம்பத்திலேயே நீளம் இல்லை என்றேன்.

உசிலம்பட்டி மணி, 10.08
நீங்கள் நியூட்டன் என்றீர்கள் சார்.

திருநகர் தம்பி, 10.30
என்ன ஆயிற்று அண்ணே? கரண்ட் வந்ததா?

செல்லூர் அப்பா, மறுநாள் மாலை 6.15
ஸ்கேலில் நிறுத்தியதில் 5 செ.மீ. வந்தது. 85 போட்டோம், 9.8. எல்லோருக்கும் நன்றி, லேப் அக்காவுக்கு மகள் தனியாகச் சொல்லச் சொன்னாள். கண்காட்சியில் ஜி எவ்வளவு என்று ஒருவரும் கேட்கவில்லை, குண்டு எங்கே வாங்கியது என்றுதான் கேட்டார்களாம். மாமனார் அதைத் திருப்பிக் கேட்டு இரண்டு தடவை போன் செய்துவிட்டார்.