மேலைநாட்டு அறிவைச் சீனா ஏன் அவ்வளவு காலம் தள்ளி வைத்தது?

கேள்வி:
1793-இல் பிரிட்டிஷ் தூதர் மெக்கார்ட்னி கடிகாரங்கள், கோளரங்கக் கருவி என்று பரிசுகளை அடுக்கிக்கொண்டு போனபோது, பேரரசர் சியான்லாங் உங்கள் பொருட்கள் எங்களுக்குத் தேவையில்லை என்று எழுதி அனுப்பினார் அல்லவா? அந்த ஆணவம்தான் பிறகு சீனாவைக் கவிழ்த்தது என்று எல்லா இடத்திலும் படிக்கிறேன். உண்மையிலேயே அவ்வளவுதானா?

பதில் 1:
ஆணவம் என்று சொல்லி முடித்துவிட்டால் ஷூ குவாங்சியை எங்கே வைப்பீர்கள்? மிங் அரசின் பெரிய அதிகாரி அவர். இத்தாலியப் பாதிரியார் மத்தேயோ ரிச்சியோடு உட்கார்ந்து கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடின் வடிவியலில் முதல் ஆறு நூல்களை 1607-இலேயே சீனத்துக்குக் கொண்டுவந்தார், வடிவியலுக்கு அவர்கள் வைத்த சொல்தான் இன்றும் சீனப் பள்ளிகளில் இருக்கிறது. சியான்லாங்கின் தாத்தா காங்சி பாதிரியார்களிடம் கணிதமே படித்தார். ஆர்வம் இருந்தது.

பதில் 2:
ஆர்வம் சரி, ஆனால் படித்தவனுக்குச் சோறு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அரசுப் பதவிக்கான தேர்வில் கன்பூசிய நூல்களைத்தான் கேட்டார்கள். பிரிட்டனுடனான அபினிப் போரில் சீனா தோற்ற பிறகு வெய் யுவான் என்ற அறிஞர், அந்நியரின் நுட்பத்தைக் கற்றே அந்நியரை அடக்க வேண்டும் என்று தெளிவாகவே எழுதினார். 1865-இல் ஷாங்காயில் ஆயுதச் சாலையும் வந்துவிட்டது. ஆனால் 1867-இல் பெய்ஜிங்கின் மொழிப் பள்ளியில் கணிதமும் வானியலும் சேர்க்கப் போனபோது, நாட்டின் அடித்தளம் நெறியில் இருக்கிறது, நுட்பத்தில் இல்லை என்று வோரென் என்ற மூத்த அறிஞர் எதிர்த்தார்.

எனக்கு மனதை அறுப்பது யான் ஃபூவின் கதை. இங்கிலாந்தில் கிரீனிச் கடற்படைக் கல்லூரியில் படித்துத் திரும்பியவர், ஊரில் மதிப்பு வேண்டுமே என்று அந்தப் பழைய தேர்வையே மறுபடி மறுபடி எழுதித் தோற்றார். அவ்வளவு படித்த மனிதரை அப்படி அலைய விட்டது தேர்வு முறைதான், அதை ஒழித்தது 1905-இல்.

பதில் 3:
எல்லாவற்றையும் தேர்வின் தலையில் போடாதீர்கள், பயமும் இருந்தது, அதில் நியாயமும் இருந்தது. 1876-இல் ஷாங்காய்–வூசுங் ரயில் பாதையை ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் முறையான அனுமதி இல்லாமலே போட்டது. அரசு அதைக் காசு கொடுத்து வாங்கி அடுத்த ஆண்டே பெயர்த்தெடுத்தது. மூடத்தனம் என்று இதைச் சொல்வார்கள், ஆனால் தன் மண்ணில் யாரோ கேட்காமல் தண்டவாளம் போட்டால் எந்த அரசு சும்மா இருக்கும்?

கேள்வி கேட்டவர்:
அப்படியென்றால் படிக்க அமெரிக்காவுக்கு அனுப்பிய சிறுவர்களை ஏன் திரும்ப அழைத்தார்கள்? அதற்கும் பயம்தானா?

பதில் 2:
ஆமாம், ஆனால் வேறு பயம். யேல் பல்கலைக்கழகத்தில் படித்த யுங் விங்கின் முயற்சியால் 1872 முதல் 120 சிறுவர்கள் போனார்கள். அங்கே சிலர், அரசுக்கு அடங்கியதன் அடையாளமாகச் சீன ஆண்கள் வைத்திருந்த தலைப்பின்னலை வெட்டினார்கள், கிறித்தவம் பக்கம் சாய்ந்தார்கள், பிள்ளைகள் சீனர்களாகத் திரும்ப மாட்டார்கள் என்று 1881-இல் எல்லோரையும் அழைத்துவிட்டார்கள். பெரும்பாலோருக்குப் படிப்பே முடியவில்லை. முடித்த மிகச் சிலரில் ஒருவர் ஜான் தியென்யூ. அவர்தான் பிறகு பெய்ஜிங்–ஜாங்ஜியாகோ ரயில் பாதையை அந்நியப் பொறியாளர் துணையில்லாமல் 1909-இல் முடித்துக் காட்டினார்.